வேகம்: அளத்தலும் ஆளுதலும் (வத்தேகமச் சூழலை முன்வைத்து)

வத்தேகம நகரை மையமாக வைத்து, இருபது கிலோமீற்றர் ஆரையில் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வேகம் பற்றிய பாடநூலுக்கு வேண்டிய உதாரணங்களில் பெரும்பாலானவை அதற்குள் அகப்பட்டுவிடும். கண்டி – மாத்தளைப் புகையிரதப் பாதை வத்தேகம வழியாகவே போகிறது. மேற்கே, மலைக்கு அடியால், பொல்கொல்லவிலிருந்து உக்குவெலவுக்கு மகாவலி நீரைக் கொண்டு செல்லும் சுரங்கம் இருக்கிறது. தென்கிழக்கே விக்டோரியா அணை. பல்லேகலவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம். அதே பல்லேகலவில் உலக வலையமைப்பைச் சேர்ந்த பூகம்பப் பதிவு நிலையம் ஒன்று. முத்தையா முரளிதரன் படித்த கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியும், ஒலிம்பிக் ஓட்டவீரர் டங்கன் வைற் படித்த கண்டி திரித்துவக் கல்லூரியும் இந்த வட்டத்துக்குள்ளேதான்.

வேகத்தால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்டால், கூடக்கூட நல்லது என்பதே பொதுவான பதில். விரைவான பந்து, விரைவான வண்டி, விரைவான ஓட்டம். விஞ்ஞானம், பொறியியல், விளையாட்டு மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் பாதிக்கு மேல் நிற்பதில்லை. மூன்று துறைகளிலும் சாதித்தவர்கள் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டியவர்கள் அல்லர். அதன் திசையை மாற்றத் தெரிந்தவர்கள், இரண்டு வேகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பயன்படுத்தியவர்கள், வேகம் மாறும் விதத்தைக் கவனித்தவர்கள் ஆகியோரே கூடுதலாகச் சாதித்திருக்கிறார்கள்.

அடிப்படை

நமது பாடசாலை விஞ்ஞானம் கதியையும் வேகத்தையும் பிரித்தே கற்பிக்கிறது. செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்பது கதி. எந்தத் திசையில் என்பதும் சேர்ந்தால் அது வேகம். பரீட்சைக்குப் பிறகு பலரும் மறந்துவிடும் இந்த வேறுபாட்டில்தான் விடயத்தின் பெரும்பகுதி இருக்கிறது. வேகமானியின் முள் முப்பதிலேயே நிற்க, பஸ் ஒரு வளைவில் திரும்புகிறது என்று வையுங்கள். கதி மாறவில்லை, திசை மாறியதால் வேகம் மாறிவிட்டது. வேகம் மாறினால் ஆர்முடுகல் உண்டு, ஆர்முடுகல் இருந்தால் விசை உண்டு. நின்றுகொண்டு போகும் பயணி கம்பியை இறுகப் பிடிப்பது அதனால்தான்.

விஞ்ஞானத்தில்: எல்லையும் வித்தியாசமும்

இயற்கையில் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் கதி செக்கனுக்கு 299,792,458 மீற்றர். 1983 முதல் மீற்றர் என்ற அலகே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. இந்த வரம்புக்கு வானியலில் எவ்வளவு பெரிய விளைவு உண்டு என்று காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் பாரத்தால் தானே நசுங்காமல் இருப்பது, உள்ளே நெருக்குண்டு ஓடும் இலத்திரன்கள் தரும் அமுக்கத்தால். விண்மீன் பாரமாக ஆக, இலத்திரன்கள் இன்னும் வேகமாக ஓடவேண்டும். ஆனால் ஒளியின் கதியை அவை தாண்ட முடியாது. ஆகவே அமுக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகொடுக்காது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குத் திணிவுதான் அந்த எல்லை. வானியலாளர் எடிங்டன் 1935இல் இதைப் பகிரங்கமாக மறுத்தார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விண்மீனை விட்டுப் பல்லேகலவுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59. சுமத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தது. அங்கிருந்து பல்லேகல ஏறத்தாழ 1,750 கிலோமீற்றர். பூகம்பத்தின் முதல் அலைகள் புவியின் பாறைக்கூடாகச் செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஓடும். எனவே நான்கு நிமிடங்களுக்குள், அதாவது 7.03 அளவில், பல்லேகலக் கருவி அசைந்திருக்கும். கடலலையின் கதையோ வேறு. சுனாமியின் கதி கடலின் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கதி வரும். 4,000 மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர். மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஜெட் விமானத்தை நெருங்கும் கதி. அப்படியிருந்தும் பாறைக்குள் ஓடிய அலையோடு பார்த்தால் அது நாற்பது மடங்கு மெதுவானது. கிழக்குக் கரையை அடைய அதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது.

அந்த இரண்டு மணி நேரம் இரு வேகங்களின் வித்தியாசத்தால் இயற்கை இலவசமாகத் தந்த அவகாசம். கல்முனையிலும் முல்லைத்தீவிலும் மக்களைக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே கொண்டுபோக அரை மணி நேரமே போதும். ஆனால் இந்து சமுத்திரத்துக்கென்று சுனாமி எச்சரிக்கை முறை எதுவும் அன்று இருக்கவில்லை. கருவி அறிந்ததைக் கரைக்குச் சொல்ல வழியில்லை. பெரலியவில் மாத்தறை நோக்கிய புகையிரதத்தை அலை புரட்டியபோது பூகம்பம் நடந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வண்டியோடு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 35,000 உயிர்கள்.

கரையை நெருங்கும்போது ஆழம் குறைய, அலையும் மெதுவாகும். பத்து மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர்தான். முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் ஏறிக் குவிகிறது. அலை உயர்வது வேகம் குறைவதால்தான். வேகம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு மறுப்பு.

பொறியியலில்: அடக்குவதே வேலை

கண்டி – மாத்தளைப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த இந்தத் தூரத்துக்கு நேர அட்டவணை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி வந்திருக்கிறது. வத்தேகம நிலையத்தில் காத்திருப்பவர்கள் இதற்குப் புகையிரதத் திணைக்களத்தைத் திட்டுவது வழக்கம். ஆனால் மலைநாட்டுப் பாதைகளில் குறை எஞ்சினிலோ சாரதியிலோ இல்லை. பாதையின் வளைவில் இருக்கிறது. மலைநாட்டுப் பிரதான பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரை ஐந்து செயின், அதாவது ஏறத்தாழ 100 மீற்றர். அத்தகைய வளைவில் வண்டி மணிக்கு 25 கிலோமீற்றர் கதியில் திரும்பினால், பக்கவாட்டு ஆர்முடுகல் 0.48 மீ/செ² அளவில் இருக்கும். கதியை 50 ஆக்கினால் அது இரட்டிப்பாகாது. நான்கு மடங்காகி 1.9ஐத் தாண்டும். புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு அது. 1964இல் தொடங்கிய ஜப்பானின் டோக்கியோ – ஒசாக்கா அதிவேகப் பாதையில் வண்டி 210 கிலோமீற்றர் கதியில் ஓடியது. அங்கே வளைவின் ஆரை பொதுவாக 2,500 மீற்றருக்குக் குறையாதபடி பாதை போடப்பட்டது. கணக்குப் போட்டால், 210இல் போன அந்த வண்டி பயணியைத் தள்ளியதைவிட நமது வளைவில் 50இல் போகும் வண்டி கூடுதலாகத் தள்ளும். மலைப்பாதையில் வேகம் வேண்டுமென்றால் புதிய எஞ்சின் வாங்கிப் பயனில்லை. மலையைக் குடைய வேண்டும். அந்தச் செலவு தகுமா என்பதுதான் உண்மையான விவாதம்.

தெருவிலும் இதே கணக்குத்தான். கதி இரட்டித்தால் வண்டியின் இயக்கசக்தி நான்கு மடங்காகும். பிரேக் பிடித்து நிறுத்தத் தேவையான தூரமும் அப்படியே. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைவீதியில் தவறைத் திருத்திக்கொள்ள இடம் கிடையாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீரை எடுத்துக்கொண்டால், பொறியியலாளர் வேகத்தை எங்கே விடுகிறார், எங்கே பிடிக்கிறார் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். 1976இல் முடிந்த பொல்கொல்லத் திட்டத்தில் மகாவலி நீர் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்குப் போகிறது. சுரங்கத்தில் நீர் விரைந்தால் நட்டம். சுவர் உராய்வால் இழக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் அகலமான சுரங்கத்தில் நீரை நிதானமாக நடத்தி, மின்நிலையத்தை அடைந்த பிறகே அதன் வேகத்தைத் தட்டி எழுப்புகிறார்கள். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர்; அந்த உயரத்திலிருந்து காற்றுத் தடையின்றி விழும் எதுவும் அடியை அடையும்போது செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர் கதியில் இருக்கும். அணையில் தேங்கிய நீர் சுழலியை அடைந்து இந்தச் சக்தியை ஒப்படைக்கும்போது 210 மெகாவாற்று வரை மின்சாரம் வருகிறது. சுழலியை விட்டு வெளியேறும் நீரில் வேகம் எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறதோ, வடிவமைத்தவருக்கு அவ்வளவு பெருமை. லக்ஷபானவில் உள்ளதைப் போன்ற, தாரை அடித்துச் சுழற்றும் பெல்ற்றன் சில்லுக்கு இதில் அழகான விதி ஒன்றுண்டு. சில்லின் கிண்ணம் தாரையின் பாதிக் கதியில் ஓடும்போதுதான் அதிக சக்தியைப் பெறுகிறது. முழுக் கதியில் ஓடினால் நீர் கிண்ணத்தைத் தொடவே தொடாது. நின்றுவிட்டால் அடி மட்டும் விழும், வேலை நடக்காது.

சுழலும் வேகமும் இதற்குள் அடங்கும். நமது மின்வலையில் செக்கனுக்கு 50 அலைவுகள். தீவிலுள்ள பெரிய பிறப்பாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழன்றாக வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொடர்பில் பட்டது என்று அமைச்சர் சொன்ன அன்று, நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய பகிடிகள் ஓய்ந்த பிறகு மிஞ்சிய விடயம் இதுதான்: விடுமுறை நாளின் நடுப்பகலில் சூரியமின் பங்கு அதிகம், சுழலும் பாரமான பொறிகளின் பங்கு குறைவு. பாரமான சுழலி அதிர்ச்சி வந்தால் உடனே வேகம் இழக்காது. சூரியத் தகட்டில் சுழலுவதற்கு எதுவும் இல்லை. மலைநாட்டு நீர்மின் நிலையங்களுக்கு இனிவரும் காலத்தில் உள்ள மதிப்பு அவை தரும் மின்சாரத்தில் மட்டுமில்லை. வலையின் வேகத்தை நிலையாகப் பிடித்து வைத்திருப்பதிலும் இருக்கிறது.

திசையின் விலையை உணர விண்வெளிக்குப் போகவேண்டும். அதிலும் இலங்கைக்கு ஒரு பங்குண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெற் நேரே தெற்கே போனால் நமது தீவுக்கு மேலால் போகும். எரிந்த பாகங்கள் நிலத்தில் விழக்கூடாது என்பதால், முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. கதியைக் கூட்டாமல் திசையை மட்டும் 60 பாகை திருப்புவதற்கு, ஓடும் கதிக்குச் சமமான வேகமாற்றம் தேவை என்பது பாடசாலைத் திசையன் கணக்கு. திருப்பம் சிறியதானாலும் எரிபொருள் செலவாகும். அந்த அளவுக்குச் செயற்கைக்கோளின் பாரம் குறையும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28ஆம் திகதி புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முதன்மையான காரணம் இதுவே. அங்கிருந்து நேரே தெற்கே போகலாம். இலங்கை குறுக்கே நிற்காது.

விளையாட்டில்: எண்ணும் ஏமாற்றமும்

2020 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில், இந்தியாவுக்கு எதிராகத் திரித்துவக் கல்லூரி மாணவர் மதீஷ பத்திரண வீசிய பந்துக்குத் திரையில் மணிக்கு 175 கிலோமீற்றர் என்று காட்டினார்கள். சமூக ஊடகங்கள் கொண்டாடின. ஆனால் 2003 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானின் ஷோயிப் அக்தர் வீசிய 161.3 கிலோமீற்றரே இன்றுவரை பதிவான உச்சம். விக்டோரியா அணையின் தலையிலிருந்து விழும் பொருளின் கதியை ஒரு பாடசாலை மாணவரின் தோள் எட்டியிருக்க முடியுமா என்று கேட்டிருந்தால், அது கருவிப் பிழை என்று உடனே விளங்கியிருக்கும்.

வேகம் அளக்கும் ராடார் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிடுகிறது. கருவியை நோக்கி வரும் அல்லது விலகும் பங்கை மட்டுமே அது காணும். 20 பாகை சரிந்து நின்று அளந்தால் எண் 6 வீதம் குறையும். பொலிஸார் தெருவோரத்தில் பிடிக்கும் கருவிக்கும் இதே குணம்தான். மேலும் திரையில் வருவது பந்து கையை விட்டு நீங்கும்போதுள்ள கதி. துடுப்பாட்டக்காரரிடம் வந்து சேரும்போது அது அவ்வளவு இல்லை. பத்திரண பின்னர் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக 2023இல் 19 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு உதவியது அந்த 175 அல்ல. கை தாழ்ந்து சுழன்று வருவதால் பந்து புறப்படும் இடத்தைத் துடுப்பாட்டக்காரர் கண்டுபிடிக்கத் தாமதிப்பதே.

இந்த வாதத்தின் உச்ச சாட்சி முரளிதரன். 145 கிலோமீற்றர் கதியில் வரும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய அரைச் செக்கனும் ஆகாது. முரளியின் பந்துகள் பெரும்பாலும் 80, 90 கிலோமீற்றர் கதியில் வந்தவை. அவற்றுக்கு முக்கால் செக்கன் இருக்கும். எதிராளிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தும் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தார். 2007 டிசம்பரில் ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டியதும் கண்டி அஸ்கிரிய மைதானத்தில்தான். அவர் கையாண்டது கோணவேகம். மணிக்கட்டும் தோளும் தந்த சுழற்சியால் பந்து காற்றில் விலகும். தரையில் பட்டதும் திசை மாறும். பிஎஸ்எல்வி பெரும் எரிபொருள் செலவிட்டுச் செய்வதை அவர் ஒரு சிறு உராய்வால் செய்தார்.

அவரது முழங்கை பற்றிய சர்ச்சையும் அளவீட்டால்தான் தீர்ந்தது. பந்து வீசும்போது முழங்கை எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு முன்பு வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று எல்லை இருந்தது. கைகளில் ஒளிதெறிக்கும் குறிகள் ஒட்டி, பல கமெராக்களால் படம்பிடித்து ஆராய்ந்தபோது, சுத்தமான கை என்று பெயரெடுத்த பந்துவீச்சாளர்களும் அந்த எல்லைகளைத் தாண்டுவது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்றானது. வேகமாகச் சுழலும் கையைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நடுவர்களின் நேர்மையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அந்த வேகத்தில் கண் நம்பத்தகாத கருவி என்பதே ஆய்வின் பாடம். முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் சிலரிடம் உண்டு; அளந்த எண்கள் அதற்கு ஆதரவாக இல்லை.

ஓட்டத்தில் கதியே எல்லாம் என்று தோன்றும். அங்கும் முழு உண்மை அதுவல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் முடித்து வெள்ளி வென்றார். சராசரி, செக்கனுக்கு 7.7 மீற்றர். 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். உசைன் போல்ற்று 2009இல் பெர்லினில் 9.58இல் ஓடியபோது அவரது உச்சக் கதி 60க்கும் 80க்கும் இடைப்பட்ட மீற்றர்களில் பதிவானது. அதன் பிறகு அவரும் தளர்ந்தார். கடைசி இருபது மீற்றரில் எந்த வீரரும் வேகம் கூட்டுவதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்பவர் முந்துவதுபோல நமக்குத் தெரிகிறது. பயிற்றுநர்கள் வேகத்தைத் தக்கவைக்கும் பயிற்சிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது அதனால்தான்.

மலைச்சரிவு: மூன்றும் சந்திக்கும் இடம்

மேலே சொன்ன எல்லாம் மலையகத்தில் வாழ்பவருக்கு எங்கே பயன்படும்? மண்சரிவில். புவியியலாளர் மண்சரிவுகளை வேகத்தை வைத்து ஏழு வகையாகப் பிரிக்கிறார்கள். மிக மெதுவானது ஆண்டுக்கு 16 மில்லிமீற்றருக்கும் குறைவாக நகரும். மிக வேகமானது செக்கனுக்கு 5 மீற்றரைத் தாண்டும். அந்த 5 மீற்றர், மணிக்கு 18 கிலோமீற்றர். ஒலிம்பிக் ஓடுபாதையில் டங்கன் வைற் அதைவிட வேகமாக ஓடினார். சேற்றில், இருட்டில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து ஓடுபவரால் அது முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு புதைந்தது இப்படித்தான். அந்த இடம் அபாயமானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டமும் மண்சரிவுகளுக்குப் பெருந்தொகை உயிர்களைக் கொடுத்தது.

சரியத் தொடங்கிய மலையை ஓட்டத்தால் வெல்ல முடியாது. ஆனால் பல சரிவுகள் விழுவதற்கு முன் மெதுவாக நகர்கின்றன. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடுகிறது. 1985இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுக்குசோனோ இதற்கு ஒரு வழி காட்டினார். நகரும் வேகத்தின் தலைகீழ் எண்ணை நாளுக்கு நாள் வரைபில் குறித்தால், கோடு கீழே இறங்கிப் பூச்சியத்தைத் தொடும் இடம், சரிவு விழக்கூடிய நேரத்தைச் சுட்டும். எல்லா மண்ணிலும் இது பலிக்காது. திடீர் மழையில் சேறாகி ஓடும் சரிவு முன்னறிவிப்புத் தராமலும் வரலாம். ஆனாலும் மனிதர் கையில் இருக்கும் மலிவான வழிகளில் இதுவும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து விடுக்கும் எச்சரிக்கையோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பன்வில, உன்னஸ்கிரிய, வத்தேகமப் பகுதித் தோட்டங்களில் இருப்பவர்களும் அங்குள்ள விஞ்ஞான ஆசிரியர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு விழுந்தால் அதன் இரு கரையிலும் குறி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை, அடைமழையானால் தினமும், அடிமட்டத்தால் அளந்து திகதியோடு எழுதுங்கள். பாடத்தில் வரும் இடப்பெயர்ச்சி – நேர வரைபை மாணவர்கள் அந்த எண்களைக் கொண்டே வரையட்டும். கோடு நிமிர்ந்து ஏறத் தொடங்கினால் அளப்பதை விட்டுவிட்டு வெளியேறுங்கள். கதவு திடீரென இறுகுவது, மரம் சரிவது, ஊற்று நீர் கலங்கி வருவது ஆகியவையும் அதே சேதியைச் சொல்பவை. கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். 2004இல் பல்லேகலக் கருவி அசைந்தும் அந்தச் சேதி கரைக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டுச் சுவர் தரும் சேதி உரியவரைப் போய்ச் சேர வேண்டும்.